மாணவர் முகாமும் ஊரின் பருவமும்

(நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பறைக்கு வெளியே மாணவர்கள் தம் கையால் செய்து கற்கும் கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் மிகப் பெரிது. மருத்துவ மாணவனுக்கு நோயாளியின் படுக்கை, சட்ட மாணவனுக்கு நீதிமன்றத் தாழ்வாரம், பொறியியல் மாணவனுக்குத் தொழிற்சாலை என்று பாடம் நடக்கும் இடங்கள் கல்லூரி மதிலுக்கு வெளியே பல உள்ளன. எல்லாவற்றையும் தொட்டுப் பேச முற்பட்டால் எதையும் சொல்லி முடிக்காமல் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே, கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு எளிதில் கிடைக்கும் ஓரிடத்தை, அதாவது கிராமத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கும் நாங்கள் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் செய்த தவறு ஒன்றைப் பற்றியே மிகுதியாகப் பேசப் போகிறேன். வெற்றிகளைப் பற்றிய அறிக்கைகள் கல்லூரி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் கிராமத்துக்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாக வைத்தே ஏனைய பாடங்களையும் கற்பிக்கலாம் என்று எடுத்துரைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அது பள்ளிக் கல்விக்கு. கல்லூரிக் கல்வியைப் பொறுத்தவரை, 1948-49இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, நாட்டில் கிராமியப் பல்கலைக்கழகங்கள் தோன்ற வேண்டும் என்று பரிந்துரை செய்தது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் கிராமியக் கல்வி நிலையம் உருவாயிற்று; 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உழைப்பு அனுபவமும் சமூகப் பணியும் கல்வியின் அங்கங்களாக வேண்டும் என்றது. அதன் பின்னர், காந்தி நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பெற்றது. வரலாறு இவ்வளவு போதும். வரலாற்றில் நமக்குக் குறையொன்றும் இல்லை. குறை இருப்பது நம் நாட்காட்டியில். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1998ஆம் ஆண்டு சனவரி மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், ஐம்பது மாணவர்களுடன் ஒரு கிராமத்தில் முகாமிட்டோம். சிவகங்கைச் சீமையில் கண்மாயை நம்பி வாழும் ஊர் அது. ஊரின் வடபுறத்தில் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. கல்லும் கரம்பையுமாக, சீமைக்கருவேல் முட்கள் படர்ந்து கிடந்தது. அதைப் பசுஞ்சோலையாக்குவது எங்கள் முகாமின் நோக்கம். நாற்றங்காலிலிருந்து வேம்பும் புங்கமும் வாகையுமாக 300 கன்றுகள் வந்து இறங்கின. மாணவர்கள் முட்களை வெட்டினார்கள், குழிகள் தோண்டினார்கள், உள்ளங்கையில் கொப்புளம் எழ உழைத்தார்கள். கன்றுகளை நட்டுத் தண்ணீரும் ஊற்றினோம். வெட்டிய முட்களைக் கொண்டே சுற்றிலும் வேலியும் அடைத்தோம். நிறைவு விழாவில் மாலைகளும் பாராட்டும் கிடைத்தன. ஊர் மக்கள் எங்களைப் பேருந்து ஏற்றி அனுப்பியபோது சில மாணவர்கள் கண்கலங்கினார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

அந்த ஆண்டு மே மாதம், வேறொரு காரியமாக அவ்வழியே செல்ல நேர்ந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். 300 குழிகளும் இருந்தன. கன்றுகளில் உயிருடன் இருந்தவை ஒன்பது. அவையும் ஊரை ஒட்டிய கடைசி வரிசையில், ஒரு வீட்டின் பின்புறம் நின்றவை. அந்த வீட்டு அம்மையார் பாத்திரம் கழுவிய தண்ணீரை நாள்தோறும் அவற்றின் அடியில் ஊற்றி வந்தாராம். நாங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை. அவர் பெயரை எங்கள் அறிக்கையில் எழுதவும் இல்லை.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மழைக்காலம் முடிந்த பிறகு நட்டால் எப்படி நிற்கும், வாத்தியாரய்யா? ஐப்பசியில் வைத்திருந்தால் கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்திருக்கும்" என்றார்.

"பெரியவரே, அன்றைக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் துணியில் எழுதிக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வைத்து, அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். பிள்ளைகளோ வெயிலில் கிடந்து குழி தோண்டுகிறார்கள். அந்த நேரத்தில் எதிரே வந்து நின்று, இது பிழைக்காது என்று எந்த வாயால் சொல்வது?"

பேருந்தில் திரும்பி வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணித ஆசிரியனாகிய நான் நான்கு மாதங்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 5 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கன்றுகளுக்கு 1,500 லிட்டர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று கொண்டால் 100 குடம். வாரம் இருமுறை ஊற்றினால் 200 குடம். மாசி தொடங்கி ஆனி வரையில், குழாயடியில் ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் வாரந்தோறும் 200 குடம் தண்ணீரைச் சுமந்து மேய்ச்சல் காட்டில் ஊற்ற வேண்டும் என்று எங்கள் முகாம் தீர்மானித்திருக்கிறது. அப்படி ஒரு தீர்மானம் செய்தோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஐம்பது பட்ட வகுப்பு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இருந்த முகாமில் இந்தப் பெருக்கலை ஒருவரும் செய்யவில்லை.

இன்னொரு செய்தியும் அன்றுதான் தெரிந்தது. நாங்கள் முள் அடைத்த இடத்தில் அதுவரை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நிலமற்ற நாலைந்து குடும்பங்களுக்கு ஆடுதான் சொத்து. வேலி விழுந்ததும் ஆடுகளைச் சாலையோரம் ஓட்டிப் போனார்கள். பயிரில் வாய் வைத்ததாக ஒரு தகராறும் மூண்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களில் ஒருவரையேனும் முகாமுக்கு முன்னர் நாங்கள் சந்திக்கவில்லை.

நண்பர்களே, வகுப்பறையில் மாணவன் தவறு செய்தால் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழும். நட்டம் அவனுக்கே. ஊரில் அவன் தவறு செய்தால் அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். பெரும்பாலும் அந்த விலையைக் கொடுக்க மிகவும் வசதியற்றவர். செய்து கற்கும் கல்விக்கும் படித்துக் கற்கும் கல்விக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவென்றே நான் கருதுகிறேன். கையில் மண் படுவது பற்றிப் பலரும் அழகாகப் பேசுகிறார்கள். மண் பட்ட கையைக் கழுவிவிட்டுப் பேருந்து ஏறிவிடலாம். நாம் செய்ததன் பலன் என்னவாயிற்று என்று அதே இடத்துக்குத் திரும்பி வந்து பார்க்கும் கடமை இருந்தால்தான் அந்த வேலையிலிருந்து மாணவன் எதையாவது கற்கிறான். அன்று மே மாதம் நான் அந்த வழியே போகாமல் இருந்திருந்தால், 300 மரங்கள் நட்ட முகாம் என்றே இன்றளவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பழைய ஊருக்குப் போக எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கேயே போனோம். இந்த முறை ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், இருபது பேர் மட்டும், மண்வெட்டியோ துணித்தட்டியோ இல்லாமல் போனோம். நோட்டுப் புத்தகம், அளவு நாடா, கயிறு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் ஆகியவையே எங்கள் கருவிகள்.

முதல் ஞாயிறு வரைபடம். ஊர் மக்களையே தரையில் வரையச் சொல்லும் இந்த முறையை, மக்கள் பங்கேற்புடன் கிராமத்தை அறியும் முறை என்கிறார்கள். 1980களின் இறுதியிலிருந்து தென்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இதைப் பெரிதும் கையாண்டன. ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஊரில் இதற்கு உகந்த பொருள் கோலமாவு. ஆண்களை ஒரு தெருவிலும் பெண்களை மற்றொரு தெருவிலும் தங்கள் ஊரை வரைந்து காட்டச் சொன்னோம். ஆண்கள் வரைந்த ஊரில் கண்மாய், மடைகள், கலுங்கு, வயல், கோயில், தேநீர்க் கடை ஆகியவை இருந்தன. பெண்கள் வரைந்த ஊரில் குழாயடி, பழுதான கைப்பம்பு, விறகு பொறுக்கும் இடம், துணி துவைக்கும் படித்துறை, நியாய விலைக் கடை, இருட்டிய பின் நடக்க அஞ்சும் ஒரு பாதை ஆகியவை இருந்தன. இரண்டும் ஒரே ஊர்தானா என்று மாணவர்கள் திகைத்தார்கள். நாங்கள் மரம் நட்ட புறம்போக்கைப் பெண்கள் மிகப் பெரிதாக வரைந்து, அதில் ஆடுகளையும் புள்ளிகளாக இட்டிருந்தார்கள். ஆண்கள் வரைபடத்தில் அது ஒரு வெற்றிடம். பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருத்தி அந்த இரண்டு படங்களையும் நோட்டில் பெயர்த்து வரைந்துகொண்டு, வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனத்தில் என்ன ஓடிற்று என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர்கள் சில நேரங்களில் வாய் மூடியிருப்பது நல்லது.

அடுத்த இரண்டு ஞாயிறும் கண்மாய். ஆவணியில் கண்மாய் வற்றிக் கிடக்கும். உள்ளே நடந்து அளக்கலாம். கணிதமும் இயற்பியலும் பயின்றவர்களுக்கு நான் கொடுத்த கேள்வி எளியது: கலுங்கு மட்டம் வரை நிறைந்தால் இதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், அது எவ்வளவு நெல்லுக்கு ஆகும்? கயிறு பிடித்துப் பரப்பை அளந்தார்கள். தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்தார்கள். நிறைந்த நிலையில் நீர்ப்பரப்பு சுமார் 40 ஏக்கர், சராசரி ஆழம் 3 அடி என்று வந்தது. பெருக்கினால் 120 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் அடி என்பது 43,560 கன அடி. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 52 லட்சம் கன அடி. நாலு மாத நெற்பயிருக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி உயரத் தண்ணீர் வேண்டும் என்று வேளாண்மை நூல்கள் கூறுகின்றன. மழையே இல்லாமல் கண்மாயை மட்டும் நம்பினால் 30 ஏக்கர் விளையும். ஆயக்கட்டோ 80 ஏக்கர். பயிர்க்காலத்தில் பெய்யும் மழையையும், வரத்துக்கால் வழியே மறுபடி வந்து சேரும் நீரையும் கூட்டிக்கொண்டால் 80 ஏக்கருக்கும் மாசி வரை தண்ணீர் தட்டாது என்று மாணவர்கள் முடிவு கட்டினார்கள்.

அந்தக் கண்மாயில் மடை திறந்து அடைத்து, வயல்தோறும் முறைப்படி தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மாணவர்கள் தங்கள் கணக்கை அவரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தை பிறக்கும்போது மடைக்குத் தண்ணீர் எட்டாது, தம்பிகளா" என்றார். கணக்கு தவறாக இருக்க முடியாது என்று ஒரு மாணவன் வாதாடினான். அவர் அவனைக் கைப்பிடித்து மடைக்கு அழைத்துப் போனார். மடையின் அடிக்கல்லைக் காட்டினார். அந்தக் கல்லுக்குக் கீழே, கண்மாயின் பள்ளத்தில் ஓரடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். அது மாடு குடிக்க உதவும், வயலுக்கு ஏறாது. மாணவர்கள் அதையும் வயலுக்குப் போகும் தண்ணீராகக் கணக்கிட்டிருந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. வெயில் குடிக்கும் தண்ணீரை அவர்கள் கழிக்கவே இல்லை. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நம் பக்கத்துக் காலநிலையில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் அளவில் ஆவியாகப் போகும். அரை சென்டிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 60 நாளில் அது 30 சென்டிமீட்டர்; ஏறத்தாழ ஓரடி. மூன்றடிக் கண்மாயில் இரண்டு மாதத்தில் ஓரடியைச் சூரியன் எடுத்துக்கொண்டு விடுகிறான்! தரைக்குள் கசிந்து இறங்குவது வேறு. தூர் வாரிக் கண்மாயை ஆழப்படுத்துங்கள் என்று நூலில் படிக்கும்போது அது ஓர் அறிவுரையாகத் தோன்றுகிறது. பரப்பு அகன்று ஆழம் குறைந்த கண்மாய், தன் நீரில் பெரும்பகுதியை வானத்துக்கே தானம் செய்கிறது என்பதைத் தன் பென்சிலால் கண்டறிந்த மாணவன், தூர் வாரும் வேலைக்கு எவரும் அழைக்காமலே வருகிறான். அந்த வாதாடிய மாணவன் வந்தான். கணக்கைத் திருத்தி எழுதி, நீர்ப்பாய்ச்சியிடம் மறுபடி கொண்டுபோய்க் காட்டியவனும் அவனே. அந்த ஆண்டு, தை முதல் வாரத்தில், மடையில் நீர் நின்றுபோயிற்று.

வேதியியல் மாணவர்கள் மண் மாதிரி எடுத்தார்கள். இதைச் சிறு வேலையென்று எண்ணாதீர்கள். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஆறங்குல மண் சுமார் 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அதற்குச் சாட்சி சொல்ல நாம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அரைக் கிலோ. அங்கே சோதனைக்கு எடுத்துக்கொள்வது சில கிராம். ஆகவே அந்த அரைக் கிலோ பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், நீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றை விலக்கி, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆப்பு வடிவில் ஆறங்குலக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மறுபடி கலந்து, மறுபடி பங்கிட்டு, அரைக் கிலோ ஆகும்வரை குறைக்க வேண்டும். எங்கள் மாணவன் ஒருவன், வெயிலுக்கு அஞ்சி, வரப்பில் நின்ற வேப்ப மரத்தடியிலேயே மூன்று குழி வெட்டிவிட்டான். வயலின் சொந்தக்காரப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டார். "அது இலை உதிர்ந்து மக்கிய இடம், தம்பி, நடு வயலில் மண் வேறு மாதிரி இருக்கும். அதைச் சோதித்து உரம் போடச் சொன்னால் என் பணமல்லவா போகும்?" என்றார். அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினான். 2015 முதல் உழவர்களுக்கு மண்வள அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. அட்டையில் அச்சாகும் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மண்ணை எடுத்த கை சோம்பியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மரம் நடும் வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஊராரிடம் கேட்டோம். மேய்ச்சல் இடத்தை விட்டுவிடுங்கள், கண்மாய்க் கரையில் பனை விதை ஊன்றுங்கள் என்றார்கள். பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில் ஊரிலேயே விலையில்லாமல் கிடைக்கும். மழைக்கு முன் ஊன்றினால் அதன் முளை நேரே பூமிக்குள் இறங்கும். குடத்துத் தண்ணீர் வேண்டாம். ஆடும் எளிதில் அழித்துவிடாது. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். புரட்டாசி ஞாயிறு ஒன்றில் சிறுவர் சிறுமியரோடு சேர்ந்து 400 கொட்டைகள் ஊன்றினோம். ஒரு முறை இடறியதால் இந்த முறை எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்ற இறுமாப்பு எங்களுக்கு. தைப்பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால், கரையில் ஆங்காங்கே தோண்டிய குழிகள்! எங்களோடு விதை ஊன்றிய அதே சிறுவர்கள், கிழங்கு முற்றிய நாளைக் கணக்கிட்டுப் பிடுங்கி வேக வைத்துத் தின்றுவிட்டார்கள். எங்களுக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார்கள், நன்றாக இருந்தது. அதன்பின் கரைக்கு ஒரு பங்கு, கிழங்குக்கு ஒரு பங்கு என்று பிரித்து ஊன்றுவது வழக்கமாயிற்று. கரையில் அவர்கள் கண்ணுக்குத் தப்பியவை இன்று ஓலை விரித்து நிற்கின்றன.

இங்கே அமர்ந்திருக்கும் திட்ட அலுவலர்களிடம் சில வேண்டுகோள்கள்.

திட்டத்தின்படி ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும்; அதனுடன் ஏழு நாள் சிறப்பு முகாம். நடைமுறையில் ஏழு நாள் முகாமே திருவிழாவாகி, 120 மணி நேரம் கல்லூரி வளாகத்தைப் பெருக்குவதிலும் விழாக்களில் நாற்காலி போடுவதிலும் கரைந்துவிடுகிறது. அந்த 120 மணியை ஊருக்குக் கொடுங்கள். முகாம் என்று வைப்போம் என்று நாட்காட்டியில் விடுமுறையைத் தேடுவதற்கு முன்னால், ஊரில் எப்போது என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். ஆவணியில் அளவு வேலை. புரட்டாசியிலும் ஐப்பசி முற்பாதியிலும் நடவு வேலை. தை மாதம் அறுவடைக் களத்தில் செலவு வரவுக் கணக்கு. கோடையில், நட்டதில் எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பார்க்கும் வேலை. இதில் ஒரு தொல்லை இருப்பதை நான் மறைக்கவில்லை. நமக்கு மழை பெய்யும் மாதமும் நவம்பர். பருவத் தேர்வு நடக்கும் மாதமும் நவம்பர். வடகிழக்குப் பருவக்காற்று நம் தேர்வுத் துறையைக் கேட்டு வீசப் போவதில்லை. தேர்வைத் தள்ளி வைக்கும் அதிகாரம் உங்களிடமும் இல்லை. ஆகையால் அக்டோபர் மாதத்து ஞாயிறுகளை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவதாக, ஊரைத் தத்தெடுத்தோம் என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நமக்கு முன்னே பல நூறு ஆண்டுகளாக இருந்துவரும் ஊரை நாம் எப்படித் தத்தெடுப்பது? ஊர் நம்மைச் சில நாள் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறது என்பதே உண்மை. அந்தச் சோற்றுக்கும் கணக்கு வையுங்கள். ஐம்பது பேர் தங்கினால் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் கூலிக்குப் போகாமல் நின்று சமையலுக்கு உதவினார்கள் என்று எழுதி, அதற்கு ஈடு செய்யுங்கள். தங்குவது ஒரு தெருவில், பார்ப்பதும் அந்தத் தெருவோடு என்றால் முகாமே வேண்டாம். ஊரின் எல்லாத் தெருக்களிலும் மாணவர்கள் உட்கார வேண்டும், உண்ண வேண்டும். இதில் எவருடைய முகச் சுளிப்புக்கும் இடங்கொடுக்கலாகாது. மாணவியர் தங்க ஒழுங்கான இடமும் கழிப்பறையும் உறுதியாகாத ஊருக்கு முகாமைக் கொண்டுபோகாதீர்கள். மாணவியர் வராத முகாம், நான் முன்னர் சொன்ன இரண்டு கோலப் படங்களில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும்.

மூன்றாவது, நோட்டுப் புத்தகம். மாணவர்கள் அளந்ததும் கேட்டறிந்ததும் மதிப்பெண்ணுக்காகக் கல்லூரியில் முடங்கிவிடக் கூடாது. ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன் 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் தலைவர் அனுமதி பெற்று, மாணவர்கள் தாங்கள் அளந்த கண்மாய்க் கணக்கை எளிய தமிழில் வாசிக்கட்டும். தவறு இருந்தால் அங்கேயே நாலு பேர் எழுந்து சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் கிடைக்காத தேர்வாளர்கள் அவர்கள். சலுகை மதிப்பெண் போடும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

மாணவர்களுக்கு ஒன்று. உங்களில் பலர் கிராமத்திலிருந்தே வந்தவர்கள். எனக்குத் தெரியாத கிராமமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கிராமத்தில் பிறந்தவன்தான். 100 குடம் தண்ணீர்க் கணக்கைப் போடத் தவறியவன் அந்தக் கிராமத்தானே. நம் வீட்டுப் பெண்கள் சுமந்த குடங்களை நாம் எண்ணியதில்லை. இப்போது எண்ணிப் பாருங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து பேருந்து புறப்படும். அவரவர் குடிதண்ணீரை அவரவரே கொண்டுவருக. 100 அடி நாடா இரண்டு, கயிறு, தண்ணீர்க் குழாய், கோலமாவு ஐந்து கிலோ ஆகியவற்றைத் திட்ட அலுவலர் ஏற்பாடு செய்திருக்கிறார். துணித்தட்டி ஏதும் எழுத வேண்டாம் என்று அவரிடம் நானே கேட்டுக்கொண்டேன். கண்மாய்க்குள் முள் கிடக்கும், செருப்போடு வருக. நீர்ப்பாய்ச்சியின் மகன் இப்போது மடை பார்க்கிறார். எட்டு மணிக்குமேல் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே அங்கே ஏழரைக்குள் இருக்க வேண்டும்.